903 இன்னிங்ஸுக்கு ஹால் ஆஃப் ஃபேமா?

2025 ஜூலை 28, காலை (கேள்வி)

நேற்று அமெரிக்க பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன் மேடையில் சி.சி. சபாத்தியாவும் பில்லி வாக்னரும் ஒன்றாக நின்றார்கள். சபாத்தியா போட்டது 3,577 இன்னிங்ஸ் (மூன்று அவுட் ஒரு இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு ஒன்பது). வாக்னர் 903. கிட்டத்தட்ட கால் பங்கு. ரிலீஃப் பிட்சர் என்பவர் யார்? ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து எறிகிற ஸ்டார்ட்டராகத் தேறாதவர். மற்றவர்கள் எட்டு இன்னிங்ஸ் மாடாக உழைத்து வைத்ததில் கடைசி மூன்று அவுட்டை எடுத்துவிட்டுக் கை குலுக்குகிறவர். இதற்கு வெண்கலப் பலகையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2025 ஜூலை 28, இரவு

தேறாதவர் என்பதை மறுக்க மாட்டேன். பெரும்பாலும் அதுதான் உண்மை. மரியானோ ரிவேரா 1995 மே மாதம் நியூயார்க் யாங்கீஸுக்கு ஸ்டார்ட்டராக இறங்கினார். முதல் ஆட்டத்தில் மூன்றே கால் இன்னிங்ஸில் 5 ரன். அந்த வருடம் 10 ஆட்டம் தொடங்கியும் முடிவில் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ரன், குறையக் குறைய நல்லது) 5.51. எரிக் கான்யே லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டார்ட்டராகத் தடுமாறி, பிறகுதான் ரிலீவர்கள் காத்திருக்கும் புல்பென்னுக்குப் போனார். டெனிஸ் எக்கர்ஸ்லி ஸ்டார்ட்டராக நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம்) போட்டவர், ஒரே சீசனில் 20 வெற்றி பார்த்தவர். அவரும் 1987-ல் ஓக்லாண்டுக்கு வரும்போது 32 வயது, மவுசு குறைந்த கை. ட்ரெவர் ஹாஃப்மன் பிட்சரே இல்லை, ஷார்ட்ஸ்டாப் இடத்து ஃபீல்டர். கென்லி ஜான்சன் கேட்ச்சர் (கிரிக்கெட்டின் கீப்பர் மாதிரி).

பள்ளிக்கூடத்தில் எந்தப் பையனும் "நான் எட்டாவது இன்னிங்ஸ் பிட்சர் ஆவேன்" என்று சொல்வதில்லை. அங்கே நல்ல கை உள்ளவன் எல்லாரும் ஸ்டார்ட்டர். வழியில் எதிலோ தட்டி விழுந்து வருகிற இடம்தான் புல்பென்.

ஆனால் விழுந்து வந்தவர்கள் ஏன் திடீரென்று அடிக்க முடியாத பிட்சர் ஆகிறார்கள் என்று கேட்டால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் வரும். ஸ்டார்ட்டர் ஒரே பேட்டரை ஒரு ஆட்டத்தில் மூன்று தடவை சந்திக்கிறார். முதல் சுற்றில் காட்டிய பந்தை இரண்டாம் சுற்றில் பேட்டர் அடையாளம் கண்டுகொள்வார், மூன்றாம் சுற்றில் காத்திருந்து அடிப்பார். அதனால் ஸ்டார்ட்டருக்கு மூன்று, நாலு வகைப் பந்து வேண்டும். மூன்றாவது வகை கைவராததால்தான் பாதிப்பேர் ஸ்டார்ட்டராகத் தோற்கிறார்கள். ரிலீவர் ஒரு பேட்டரை ஒரு தடவைதான் பார்க்கிறார். இரண்டு வகை போதும். 100 பந்துக்கு மூச்சைச் சேமிக்க வேண்டாம், 15 பந்தில் முழுதையும் கொட்டலாம். ஸ்டார்ட்டராக 150 கி.மீ. போட்டவர் புல்பென்னிலிருந்து வரும்போது 152, 153 போடுவது சாதாரணம். வேலையைச் சுருக்கினால் ஆள் பெரிதாகிறார், அவ்வளவுதான்.

2025 ஜூலை 28, அதே இரவு

மேலே "மூன்றே கால்" என்று எழுதிவிட்டேன். மூன்று இன்னிங்ஸும் ஒரு அவுட்டும், அதாவது மூன்றும் மூன்றில் ஒன்றும். பேஸ்பாலில் கால் இன்னிங்ஸ் கிடையாது.

2025 ஜூலை 29

"டி20-யில் கடைசி ஓவர் போடுகிற ஆள் மாதிரிதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதற்றம் அதேதான், வேலை வேறு. டெத் ஓவர் போடுகிறவர் முன்பே ஒரு ஓவர், இரண்டு ஓவர் போட்டுக் கையைச் சூடாக்கியிருப்பார், ஃபீல்டிங் தொடங்கியதிலிருந்து மைதானத்திலேயே நிற்கிறார், அடி வாங்கினால் எடுத்துவிட்டு அப்புறம் கொண்டுவரலாம். பேஸ்பாலில் வெளியே போன பிட்சர் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப வர முடியாது. ரிலீவர் இரண்டரை மணி நேரம் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, பேஸில் இரண்டு பேர் நிற்கும்போது வந்து முதல் பந்தே சரியாகப் போடவேண்டும்.

2025 ஜூலை 29, மாலை

வாக்னர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பிறவியில் வலக்கைக்காரர். சின்ன வயதில் வலது கை இரண்டு தடவை முறிந்தது. சும்மா இருக்க முடியாமல் இடது கையால் எறியப் பழகினார், அதுவே நிலைத்துவிட்டது. உயரம் 178 செ.மீ., பிட்சர்கள் நடுவில் குள்ளம் என்றே சொல்லுவார்கள். அந்த இடது கை 160 கி.மீ. தொட்டது. ஹூஸ்டன் அணி 1993-ல் புது ஆட்டக்காரர் தேர்வின் முதல் சுற்றில் எடுத்தபோது அவரும் ஸ்டார்ட்டர்தான்.

903 இன்னிங்ஸில் 1,196 ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது). ஒன்பது இன்னிங்ஸுக்கு 11.9. ஈ.ஆர்.ஏ. 2.31. அவர் பந்தில் பேட்டர்கள் ஹிட் அடித்த சராசரி .187. கடைசி சீசனான 2010-ல் அட்லாண்டாவுக்கு 37 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.43, அதோடு வீட்டுக்குப் போய்விட்டார். பெரும்பாலானவர்களை அடித்துத் துரத்திய பிறகுதான் அனுப்புவார்கள்.

2025 ஜூலை 31

சேவ் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் கண்டுபிடித்த கணக்கு. 1969-ல் அதிகாரப்பூர்வம் ஆனது, இப்போதுள்ள வடிவம் 1975-லிருந்து. ஜெயிக்கிற அணியின் ஆட்டத்தை முடித்துவைக்கிற பிட்சராக இருக்கவேண்டும், வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கக் கூடாது. இவற்றோடு, மூன்று ரன்னுக்கு மேற்படாத முன்னிலையில் வந்து ஒரு இன்னிங்ஸாவது போட்டிருக்கவேண்டும். அல்லது கடைசி மூன்று இன்னிங்ஸைப் போட்டிருந்தால் போதும், முன்னிலை எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தக் கடைசி ஓட்டையில்தான் 2007 ஆகஸ்ட் 22-ல் டெக்சஸின் வெஸ் லிட்டில்டன் நுழைந்தார். அணி 14-3 என்று முன்னிலையில் இருந்தபோது ஏழாவது இன்னிங்ஸில் வந்தார், மூன்று இன்னிங்ஸ் போட்டார். ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 30-3. சேவ், லிட்டில்டன். எதிலிருந்து காப்பாற்றினார் என்று எதிரணியான பால்டிமோர்க்காரர்களைத்தான் கேட்கவேண்டும்.

2025 ஆகஸ்ட் 1

திருத்தம். "மூன்று ரன்னுக்கு மேல் முன்னிலை இருந்தால் ஒரு இன்னிங்ஸுக்கு சேவ் கிடையாதா?" என்று கேட்டவருக்கு: கிடைக்கும், நான் ஒரு வழியை விட்டுவிட்டேன். சமன் செய்யும் ரன் பேஸிலோ, அடிக்க நிற்பவராகவோ, அடுத்து அடிக்கக் காத்திருப்பவராகவோ இருந்தால் போதும், எத்தனை அவுட் எடுத்தாலும் சேவ்தான். பேஸ் மூன்றும் நிறைந்திருந்தால் எண்ணிப் பாருங்கள்: பேஸில் 3, அடிக்கிறவர் 4, காத்திருப்பவர் 5. ஆக 5 ரன் முன்னிலையிலும் ஒரே ஒரு பந்து போட்டு சேவ் வாங்கலாம்.

2025 ஆகஸ்ட் 3

இந்தக் கணக்கு ஒரு புள்ளிவிவரமாக இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அது ஆட்டத்தையே வளைத்துவிட்டது. 1974-ல் மைக் மார்ஷல் லாஸ் ஏஞ்சலஸுக்கு 106 ஆட்டத்தில் 208 இன்னிங்ஸ் போட்டார், அத்தனையும் ரிலீஃபில். வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய முதல் ரிலீவர் அவர். ஆறாவது இன்னிங்ஸில் நெருப்புப் பிடித்தால் ஆறாவதில் வருவார். பிறகு ஓக்லாண்டில் டோனி லா ருஸா எக்கர்ஸ்லியை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு என்றே ஒதுக்கினார். எக்கர்ஸ்லி 1990-ல் 73 இன்னிங்ஸில் 4 வாக் (நாலு தவறான பந்தில் பேட்டருக்கு இலவச பேஸ்) மட்டுமே கொடுத்தார் (நாற்பது இல்லை, நாலு), 48 சேவ், ஈ.ஆர்.ஏ. 0.61. 1992-ல் சை யங், எம்.வி.பி. (மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது) இரண்டும். அதைப் பார்த்து எல்லா அணியும் அவரவர் எக்கர்ஸ்லியைத் தேடக் கிளம்பியது. அந்த மாதிரி கட்டுப்பாடு எத்தனை பேருக்கு இருக்கும் என்று எவரும் யோசிக்கவில்லை.

அதன் விளைச்சலை 2016 அக்டோபர் 4-ல் டொரன்டோவில் பார்த்தோம். பால்டிமோரின் ஜாக் பிரிட்டன் அந்த சீசனில் 47 வாய்ப்பில் 47 சேவ், ஈ.ஆர்.ஏ. 0.54. தோற்றால் வீட்டுக்கு என்ற ஒற்றை ஆட்டம், 2-2 சமன், கூடுதல் இன்னிங்ஸ். மேனேஜர் பக் ஷோவால்டர் பிரிட்டனை இறக்கவே இல்லை. வெளியூர் ஆட்டத்தில் முன்னிலை வந்த பிறகுதான் க்ளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்கிற ரிலீவர்) என்பது சம்பிரதாயம், ஏனென்றால் சமநிலையில் சேவ் கிடையாது. முன்னிலை வரவேயில்லை. பதினோராவது இன்னிங்ஸில் எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். அணியின் சிறந்த கை புல்பென்னில் உட்கார்ந்தபடியே சீசன் முடிந்தது.

2025 ஆகஸ்ட் 3, பின்குறிப்பு

அதே 2016 அக்டோபரில் க்ளீவ்லாண்டு ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவதிலும் ஆறாவதிலும்கூட இறக்கி அமெரிக்கன் லீகை ஜெயித்தது. தொடரின் எம்.வி.பி. மில்லர்தான். ஷோவால்டரைத் திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்வார்கள், நியாயம்தான்.

2025 ஆகஸ்ட் 6

"உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம்" என்று ஒரு நக்கல் வந்திருக்கிறது. அந்த உட்கார்ந்திருப்பதில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

அணி உட்காரும் டக்-அவுட்டிலிருந்து புல்பென்னுக்குத் தொலைபேசி வரும். புல்பென் பயிற்சியாளர் எடுப்பார், ஒரு பெயர் சொல்வார். பெயர் கேட்டவர் எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றி, முதலில் நின்றுகொண்டிருக்கும் கேட்ச்சரிடம் நாலைந்து பந்து லேசாக எறிவார். பிறகு கேட்ச்சர் குந்துவார். வேகப்பந்து இரண்டு பக்கமும், அதன்பின் விலகும் ஸ்லைடரோ மெதுவான சேஞ்ச்-அப்போ, கடைசியில் முழு வேகத்தில் மூன்று நாலு. ஆளைப் பொறுத்து மொத்தம் 15-லிருந்து 25 பந்து. அனுபவசாலிகள் பத்திலேயே தயார் என்பார்கள். பேஸில் ஆள் இல்லாவிட்டாலும் பலர் கையை முழுதாகச் சுழற்றாமல் சுருக்க அசைவிலிருந்தே போடுவார்கள். ஏனென்றால் உள்ளே போகும்போது பேஸ் காலியாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

இப்போது பேட்டர் டபுள்-ப்ளேயில் (ஒரே பந்தில் இரண்டு அவுட்) போய்விட்டார், இன்னிங்ஸ் முடிந்தது. தொலைபேசி: "உட்காரச் சொல்." ஜாக்கெட் திரும்பத் தோளில். அரை மணி கழித்து மறுபடி எழுப்புவார்கள். அன்று ஆட்டத்தில் இறங்காமலே அவர் 40 பந்து எறிந்திருக்கலாம். புள்ளிவிவரப் பக்கத்தில் அன்றைக்கு அவர் பெயரே இருக்காது. மறுநாள் பார்க்கிறவருக்கு அவர் "ஓய்வில் இருந்த" பிட்சர். இதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் எத்தனை தடவை எழுப்பினோம் என்பதைத் தனியாக எழுதிவைப்பார்கள். தொடர்ந்து இரண்டு நாள் போட்டவரை மூன்றாம் நாள் முடிந்தவரை தொடமாட்டார்கள். 25 பந்துக்கு மேல் போனால் மறுநாள் விடுமுறை என்பது பல அணிகளின் பொது வழக்கம். எழுப்பி உட்காரவைத்ததைக் கணக்கில் சேர்க்காத மேனேஜரிடம் ஜூலைக்குள் கைகள் ஓய்ந்துவிடும்.

இன்னொன்று. முன்பெல்லாம் புல்பென்னில் ஆள் தயாராகவில்லை என்றால் மைதானத்தில் நேரத்தை இழுக்கலாம். முதல் பேஸுக்கு நாலு தடவை எறி, கேட்ச்சர் நடந்து வரட்டும், ஷூ லேஸ் கட்டு. 2023-ல் பந்து எறிய நேரம் வைக்கும் கடிகாரம் வந்த பிறகு ஒரு பேட்டருக்கு இரண்டு தடவைதான் பேஸுக்கு எறியவோ மவுண்டிலிருந்து (பிட்சர் நிற்கும் மேடு) விலகவோ முடியும். மூன்றாவது தடவை எறிந்து ஆளை அவுட் செய்யாவிட்டால் பாக் என்ற பிழை, ரன்னருக்கு ஒரு பேஸ் இனாம். பயிற்சியாளர் நடந்து வருவதற்கும் எண்ணிக்கை உண்டு. அதனால் தொலைபேசி முன்கூட்டியே அடிக்க வேண்டியிருக்கிறது, வீணாக எழுப்புவதும் கூடுகிறது.

2025 ஆகஸ்ட் 7

தொலைபேசி என்றதும் 2011 உலகத் தொடர் (மேஜர் லீகின் இறுதித் தொடர்) ஐந்தாவது ஆட்டம் நினைவுக்கு வராமல் போகுமா. டெக்சஸ் மைதானம், காது கிழியும் இரைச்சல். செயின்ட் லூயிஸ் மேனேஜர் லா ருஸா (அதே லா ருஸாதான், புல்பென்னைப் பிரித்து மேய்ந்தவர்) ரிலீவர் ஜேசன் மாட்டைக் கேட்கிறார். மறுமுனையில் "லின்" என்று காதில் விழுகிறது. மவுண்டில் நிற்கும் மேனேஜரை நோக்கி லான்ஸ் லின் ஓடி வருகிறார். முந்தைய அழைப்பிலும் மாட் பெயர் போய்ச் சேரவில்லை. அந்த ஆட்டம் 4-2 தோல்வி. தொடரை செயின்ட் லூயிஸ் ஜெயித்துவிட்டதால் இன்று சிரிக்கிறோம்.

ஜேசன் மாட்டும் முன்னாள் கேட்ச்சர் என்பதைக் கேள்வி கேட்டவர் குறித்துக்கொள்ளலாம்.

2025 ஆகஸ்ட் 10

காசு. 2025-ல் மேஜர் லீக் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 7,60,000 டாலர், அதாவது சீசனில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,000. ஆனால் நாள்கணக்கு என்பதுதான் இதில் முள். புதிய ரிலீவருக்கு "ஆப்ஷன்" மூன்று வருடம் இருக்கும். அந்த வருடங்களில் அணி அவரை இஷ்டத்துக்குக் கீழ் லீகான ட்ரிபிள்-ஏ-க்கு இறக்கலாம், ஏற்றலாம். நேற்று 40 பந்து போட்டுக் கை சோர்ந்துவிட்டதா, இன்று கீழே போ, அங்கிருந்து புதுக் கை வரும். நன்றாகப் போட்டதற்கே கீழே அனுப்பப்படுகிற வேலை இது ஒன்றுதான். 2022 ஒப்பந்தத்தில் இதற்குக் கொஞ்சம் கடிவாளம் வந்தது: ஒரு சீசனில் ஐந்து தடவைக்கு மேல் இறக்க முடியாது, இறக்கிய பிட்சர் 15 நாள் கீழே இருக்கவேண்டும், காயம்பட்டவருக்குப் பதிலாக வந்தால் மட்டும் விலக்கு. முன்பு இது 10 நாளாக இருந்தது.

மேலே இருக்கும் நாட்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். 172 நாள் ஒரு வருட சர்வீஸ். 43 நாள் சேர்ந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி. மூன்று வருடம் ஆனால் சம்பளத்துக்கு மத்தியஸ்தம் கேட்கலாம், ஆறு ஆனால் எந்த அணிக்கும் போகலாம். ஆறு வருடம் கை தாங்கினால்தான் அதெல்லாம். ஆப்ஷன் தீர்ந்தபின் இறக்க வேண்டுமென்றால் வேறு அணிகளுக்குக் காட்டித்தான் இறக்கவேண்டும், அப்போது ஊர் ஊராகப் பெட்டி தூக்குகிற காலம் ஆரம்பம். ஆக்டேவியோ டோட்டெல் 13 அணிக்குப் போட்டார். (2025 ஏப்ரலில் சான்டோ டொமிங்கோவில் கூரை இடிந்த விபத்தில் இறந்தவர் அவர்தான்.)

2025 ஆகஸ்ட் 10, இரவு

சேவ் வளைத்தது ஆட்டத்தை மட்டுமில்லை, சம்பளத்தையும். டெலின் பெட்டான்ஸஸ் யாங்கீஸில் எட்டாவது இன்னிங்ஸ் ஆள். 2014, 15, 16 மூன்று வருடமும் ஆல்-ஸ்டார். மத்தியஸ்தத்தில் 50 லட்சம் டாலர் கேட்டார். க்ளோசர் இல்லாதவருக்கு க்ளோசர் விலையா என்றது அணி. 2017 பிப்ரவரியில் நடுவர் குழு அணி சொன்ன 30 லட்சத்தையே கொடுத்தது. ஜெயித்த பிறகும் அணித் தலைவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி ஆட்டக்காரரைக் குறைசொன்னது தனி அசிங்கம். 2019 முழுக்கக் காயம், செப்டம்பர் 15-ல் திரும்பி வந்தார், இரண்டு பேட்டர், இரண்டு ஸ்ட்ரைக்-அவுட். இன்னிங்ஸ் முடிந்தது என்று நினைத்து ஒரு சின்னத் துள்ளல். குதிகால் தசைநார் கிழிந்தது. எந்த அணியோடும் புது ஒப்பந்தம் பேச இன்னும் சில வாரம்தான் இருந்தது.

2025 ஆகஸ்ட் 14

"புல்பென்னுக்கு விழுந்தவர் மேலே ஏறுவதே இல்லையா?" ஏறுகிறார்கள். நான் முதல் நாள் எழுதியது ஒருவழிப் பாதை மாதிரி படுகிறது, தப்பு. கிறிஸ் சேல் 2010, 11-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் புல்பென்னில் இருந்தவர், 2012-லிருந்து ஸ்டார்ட்டர். அதே அணியின் காரட் க்ரோஷே 2024-ல் ரிலீவரிலிருந்து ஸ்டார்ட்டராக மாறி, 2025 மார்ச்சில் பாஸ்டனோடு 6 வருடம் 17 கோடி டாலர் என்று கையெழுத்திட்டார். ரிலீவரில் பெரிய ஒப்பந்தம் என்று பேசப்பட்ட எட்வின் டியாஸுக்கு 2022-ல் கிடைத்தது 5 வருடம் 10.2 கோடி. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் மூன்றாவது பந்து கைவந்த ரிலீவர் எல்லாம் இப்போது ஸ்டார்ட்டர் வேஷம் கேட்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் 14

ஆமாம், டியாஸ் முழங்கால் கிழிந்ததும் கொண்டாட்டத்தில்தான். 2023 மார்ச், வேர்ல்ட் பேஸ்பால் க்ளாசிக், ஜெயித்தபின் துள்ளினார், சீசன் முழுக்கப் போச்சு. பெட்டான்ஸஸ், டியாஸ் இருவருக்கும் எதிரி பேட்டர் இல்லை, சந்தோஷம்.

2025 ஆகஸ்ட் 19

ரிவேராவின் கட்டர் என்ற பந்து பற்றி விவரம் கேட்டார்கள்.

சாதாரண நாலு-தையல் வேகப்பந்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்காக, பந்தின் நடுவில் உட்காரும். கட்டரில் இரண்டு விரலும் இம்மியளவு ஓரமாக நகரும், அழுத்தம் நடுவிரலில். மணிக்கட்டைத் திருகக் கூடாது, திருகினால் அது ஸ்லைடராகிவிடும், வேகம் செத்துவிடும். வேகப்பந்து போடுகிற அதே கையசைவு, அதே வேகத்தை ஒட்டிய வேகம். 18.44 மீட்டர் தூரத்தில் கடைசி மூன்று நாலு மீட்டரில்தான் விலகுவதுபோல் பேட்டருக்குத் தெரியும். வலக்கை பிட்சர் போட்டால் இடக்கை பேட்டரின் பிடிக்குள் புகும். மட்டையின் தடித்த பாகத்துக்குப் பதில் கைப்பிடிக்குச் சற்று மேலே பந்து படும், மட்டை இரண்டாகும். ரிவேரா கழித்துக்கட்டிய மட்டைகளை யாராவது விறகுக் கடைக்கு எடைபோட்டிருக்கலாம்.

வந்த விதம்தான் வேடிக்கை. 1997 ஜூன், டெட்ராய்டில் ஆட்டத்துக்கு முன் சக பிட்சர் ராமிரோ மென்டோஸாவுடன் சும்மா பந்து எறிந்துகொண்டிருந்தபோது பந்து தானாக விலக ஆரம்பித்தது. பிடிப்பை மாற்றவில்லை, வேண்டுமென்று செய்யவுமில்லை. பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மயரும் அவரும் அதை நேராக்க முயன்று பார்த்தார்கள், முடியாமல் விட்டுவிட்டார்கள். அந்த ஒற்றைப் பந்தை வைத்துத்தான் 652 சேவ். சீசனுக்குப் பிந்தைய அக்டோபர் ஆட்டங்களில் 141 இன்னிங்ஸ், கொடுத்த ஏர்ண்ட் ரன் 11. ஈ.ஆர்.ஏ. 0.70. ஸ்டார்ட்டராகத் தோற்றதற்குக் காரணம் ஒரே பந்துதான் இருந்தது என்பது.

2025 ஆகஸ்ட் 20

இல்லை, கடைசி வாக்கியம் சரியில்லை. ஸ்டார்ட்டராக இருந்த 1995-ல் கட்டர் கிடையாதே. அப்போது இருந்தது நேர் வேகப்பந்து. 1996-ல் ஜான் வெட்டலாண்டுக்கு முன்னால் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ் போட்டு 107 இன்னிங்ஸில் 130 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்ததும் அதை வைத்துத்தான். கட்டர் அதற்குப் பிறகு. மதிப்பு என்று பார்த்தால் அவருடைய மிகச் சிறந்த வருடம் 1996-ஆக இருக்கலாம். சேவ் எத்தனை? ஐந்து.

2025 ஆகஸ்ட் 24

காயம் பற்றி ஒரே ஒரு ஜோடி. ராப் நென் பிறந்தது 1969 நவம்பர் 28. ரிவேரா 1969 நவம்பர் 29. நென் சான் ஃபிரான்சிஸ்கோவின் க்ளோசர், மொத்தம் 314 சேவ். 2002-ல் தோள் கிழிந்திருப்பது தெரிந்தும் உலகத் தொடர் வரை போட்டார். அதற்குப் பிறகு ஒரு பந்துகூட மேஜர் லீகில் போடவில்லை, அப்போது வயது 32. அறுவை சிகிச்சைகள் பலிக்கவில்லை. ரிவேராவுக்குக் கை கடைசிவரை நின்றது. 2012 மே 3-ல் கான்சாஸ் சிட்டியில் விழுந்தது பயிற்சி நேரத்தில் அவுட்-ஃபீல்டில் பந்து பிடிக்க ஓடியபோது, முழங்காலில். திரும்பி வந்து 2013-ல், 43 வயதில், 44 சேவ்.

முழங்கைத் தசைநார் கிழிந்தால் இப்போது டாமி ஜான் அறுவை சிகிச்சை இருக்கிறது. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் தொடங்கிவைத்தது, முன்கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில் கோர்ப்பது, ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஓய்வு. வாக்னரும் 2008-ல் செய்துகொண்டு திரும்பி வந்தவர்தான். தோளுக்கு அந்த மாதிரி நம்பகமான வைத்தியம் கிடையாது. பிட்சர்கள் முழங்கை வலி என்றால் பெருமூச்சு விடுவார்கள், தோள் வலி என்றால் பேசமாட்டார்கள்.

2025 செப்டம்பர் 2

ஈ.ஆர்.ஏ.-வை ரிலீவருக்கு நம்பாதீர்கள் என்று முன்பே சொல்லியிருக்கவேண்டும். ஸ்டார்ட்டர் மூன்று பேரைப் பேஸில் விட்டுவிட்டுப் போகிறார். ரிலீவர் வந்து ஒரு டபுள் (இரண்டு பேஸ் ஹிட்) கொடுக்கிறார், மூன்று பேரும் வீடு சேர்கிறார்கள். பிறகு மூன்று அவுட். அந்த மூன்று ரன்னும் ஸ்டார்ட்டர் கணக்கில். ஆட்டத்தைத் தொலைத்த ரிலீவருக்கு ஈ.ஆர்.ஏ. 0.00. வந்து வாங்கிய ரன்னர்களில் எத்தனை பேரை விட்டார் என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

2025 செப்டம்பர் 2

"இடக்கை பேட்டர் ஒருவருக்கு மட்டும் வந்து போகிற இடக்கை ஆட்கள் எங்கே?" 2020-ல் செத்துப்போனார்கள். வந்தால் மூன்று பேட்டர் அல்லது இன்னிங்ஸ் முடிவு வரை என்று விதி. ஜெஸ்ஸி ஒரோஸ்கோ அந்த வேலையை 46 வயது வரை செய்து 1,252 ஆட்டம் ஆடினார். இனி அந்த எண்ணை யாரும் தொடப்போவதில்லை.

2025 செப்டம்பர் 9

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "வாக்னர் அக்டோபரில் என்ன கிழித்தார்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல அடி. 14 ஆட்டம், 11 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், ஈ.ஆர்.ஏ. 10.03. பூசி மெழுக ஒன்றுமில்லை. 12 இன்னிங்ஸ்கூட இல்லாத கணக்கை வைத்து ஒருவரைத் தீர்மானிக்கலாமா என்று எதிர்க்கேள்வி கேட்கலாம். ஆனால் 903 போதும் என்று ஒரு மாதமாக வாதாடிவிட்டு, 11 போதாது என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் நெருடுகிறது. பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில்தான் வாக்கு கிடைத்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரிவேராவுக்கு 425-க்கு 425 வாக்கு கிடைத்ததற்கு அந்த 0.70-தான் பெரிய காரணம்.

2025 செப்டம்பர் 9, இரவு

அவருக்கே இன்னொன்று. 2003 ஜூன் 11, யாங்கி ஸ்டேடியம், ஹூஸ்டன் ஆட்டம். ஸ்டார்ட்டர் ராய் ஆஸ்வால்ட் ஒரு இன்னிங்ஸ் முடித்து, இரண்டாவதில் தொடையிடுக்கு இழுத்துக்கொண்டு வெளியேறினார். எட்டு இன்னிங்ஸ் பாக்கி. பீட் மன்ரோ, கர்க் சார்லூஸ், பிராட் லிட்ஜ், டோட்டெல், வாக்னர் என்று வரிசையாக வந்தார்கள். டோட்டெல் எட்டாவது இன்னிங்ஸில் ஒரே இன்னிங்ஸில் நாலு ஸ்ட்ரைக்-அவுட் (மூன்றாவது ஸ்ட்ரைக் கேட்ச்சரைத் தாண்டிப் போனால் பேட்டர் ஓடலாம், அதனால் நாலு). ஆறு பேர் சேர்ந்து யாங்கீஸுக்கு ஒரு ஹிட்கூட விடவில்லை. அதற்கு முன் அந்த அணியை நோ-ஹிட் செய்தவர் 1958-ல் ஹாய்ட் வில்ஹெல்ம். பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன முதல் ரிலீவர் அவர், அன்று ஸ்டார்ட்டர்.

ஒன்பதாவது இன்னிங்ஸைப் போட்டு முடித்துவைத்தவர் வாக்னர். ஸ்கோர் 8-0. வெற்றி லிட்ஜ் பெயரில். சேவ் கட்டம் காலி.